ஜெயிலில் இருப்பவருக்கு விடாத இருமலா? வெளியில் இருக்கும் குடும்பம் செய்ய வேண்டியவை

மனு பார்க்க, அதாவது சிறையில் நேர்காணலுக்கு, போகும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரரோ தம்பியோ மகனோ இருமிக்கொண்டே பேசுகிறார், போன மாதம் பார்த்ததைவிட இளைத்துப்போயிருக்கிறார், கேட்டால் "தண்ணி ஒத்துக்கலை, மாத்திரை தர்றாங்க, சரியாயிடும்" என்கிறார் என்றால், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல் என்றாலே காசநோய்க்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். சிறைக்கு உள்ளே இருப்பவருக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இருமலோடு சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவதும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே கேட்கலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கான (டிபி) பரிசோதனையும் மருந்தும் நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் முழுக்க இலவசம், சிறைக்குள்ளேயும் அப்படித்தான். சாதாரணக் காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். அப்படியிருந்தும் சிறையில் ஆட்கள் இதனால் மோசமாகிப் போவதற்கு, நான் பார்த்தவரை, இரண்டு இடங்களில்தான் தவறு நடக்கிறது. சளியை எடுத்துச் சோதிக்க யாரும் அனுப்பாமல் இருமல் மருந்திலேயே ஓடிப்போகும் முதல் சில வாரங்கள் ஒன்று, பாதி மருந்தில் ஜாமீன் கிடைத்தோ வேறு சிறைக்கு மாற்றப்பட்டோ வெளியேறும் அந்த நாள் இன்னொன்று. இரண்டு இடத்திலும் விடாமல் கேட்கக்கூடிய ஆள் வெளியில் இருக்கும் குடும்பம்தான்.

சிறையில் ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வரும் நுண்துளிகள் மூடிய அறையில் பல மணி நேரம் மிதக்கும். சிறையில் சாயங்காலம் எண்ணிக்கை எடுத்துப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள், ஒரே அறையில் பலர், பாய் மேல் பாய். 2022 கடைசியில் நாடு முழுக்கச் சிறைகளில் 5.73 லட்சம் பேர் இருந்தார்கள், அதாவது 100 பேருக்கான இடத்தில் 131 பேர். அதில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2019-இல் உலகம் முழுக்கச் சிறைகளில் சுமார் 1.25 லட்சம் பேருக்குக் காசநோய் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள், அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மீதிப் பேர் இருமிக்கொண்டே இருந்தார்கள், பக்கத்தில் படுத்தவர்களுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

மனு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

கிடைப்பது கொஞ்ச நேரம். வக்கீல் பேச்சு, வாய்தா தேதி, வீட்டுக் கஷ்டம் எல்லாம் அதற்குள் பேசியாக வேண்டும், தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். இருமல் எப்போது தொடங்கியது, சாயங்காலம் உடம்பு சுடுகிறதா, ராத்திரி வியர்த்துச் சட்டை நனைகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, சளியில் ரத்தம் வந்ததா. ரத்தம் வந்தால்தான் டிபி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது தவறு, பெரும்பாலானவர்களுக்கு ரத்தமே வராது. கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள், நுரையீரலுக்கு வெளியேயும் இந்த நோய் வரும்.

அப்புறம் உள்ளே என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இருமல் டானிக், ஆன்டிபயாடிக் என்று பல சுற்று ஓடியிருக்கும். லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் காசநோயைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்கும், காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கும், திரும்ப வரும். "மாத்திரை போட்டேன், கேட்டுச்சு, மறுபடி வந்துச்சு" என்று அவர் சொன்னால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அவருக்கு முன்பே டிபி வந்து மருந்து சாப்பிட்டிருந்தால், அல்லது பாதியில் நிறுத்தியிருந்தால், அதைச் சிறை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். பழைய சீட்டு வீட்டில் இருந்தால் நகல் எடுத்துக் கொடுங்கள். ஒரு தடவை வந்தவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத வகை வர வாய்ப்பு அதிகம், அது தெரிந்தால்தான் சரியான மருந்தை முதலிலேயே தொடங்க முடியும். சர்க்கரை இருக்கிறதா, ஹெச்ஐவி மருந்து சாப்பிடுகிறாரா என்பதும் இதே மாதிரி முக்கியம். எல்லோர் முன்னாலும் கத்திப் பேச வேண்டிய விஷயமில்லை, அதனால் வக்கீல் மூலமாகவோ கடிதமாகவோ மருத்துவருக்குப் போகட்டும்.

அவர் மறைக்கலாம். வேறு அறைக்குத் தனியாகப் போட்டுவிடுவார்கள், பழகிய ஆட்களை விட்டுப் பிரித்துவிடுவார்கள், பிளாக்கில் ஒதுக்குவார்கள், செய்துகொண்டிருக்கும் வேலை போய்விடும் என்று பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, திட்டாதீர்கள். சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும், தனியாக வைப்பது கொஞ்ச நாளுக்குத்தான் என்று சொல்லுங்கள். தட்டு, டம்ளர், துணி, கை தொடுவது, இதிலெல்லாம் காசநோய் பரவாது என்பதையும் சொல்லுங்கள். அதை அவர் மற்றவர்களுக்குச் சொன்னால் ஒதுக்குவதும் கொஞ்சம் குறையும்.

எழுதிக் கொடுங்கள்

வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். வார்டரிடம் சொன்னேன், வாசலில் இருந்தவரிடம் சொன்னேன் என்பதெல்லாம் நாளைக்கு யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் எழுதினால் போதும். சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, நகல் சிறை மருத்துவ அலுவலருக்கு, இன்னொரு நகல் அந்த மாவட்டத்தின் துணை இயக்குநர், மருத்துவப் பணிகள் (காசநோய்) அலுவலகத்துக்கு. இந்த மூன்றாவது நகலை யாரும் அனுப்புவதில்லை. ஆனால் வேலை நடப்பதற்கு அதுதான் பெரிய உதவி, ஏனென்றால் சளிப் பரிசோதனையும் மருந்தும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன, புதிய நோயாளிகளைக் கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலைதான்.

இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் சிறையில் விசாரணைக் கைதியாக உள்ள என் கணவர் (பெயர், தந்தை பெயர், கைதி எண், பிளாக்) சுமார் மூன்று வாரங்களாக இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு ஆகியவற்றால் அவதிப்படுகிறார். இன்று நேர்காணலில் நேரில் பார்த்தேன். இவை காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் அவருக்கு உடனடியாகச் சளிப் பரிசோதனையும் (சிபிநாட் அல்லது ட்ரூநாட்) மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கவும், முடிவை அவருக்கும் எனக்கும் தெரிவிக்கவும், அதுவரை காற்றோட்டமான இடத்தில் வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். 1894ஆம் ஆண்டு சிறைகள் சட்டம் 37ஆம் பிரிவின்படி, உடல்நலமில்லாத கைதி பற்றித் தாமதமின்றித் தெரிவித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன்."

தேதி, கையெழுத்து, போன் நம்பர் போடுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தரமறுத்தால் சண்டை போடாமல் தபால் நிலையம் போய் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள், அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் கோர்ட்டில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான். அடாவடியாக எழுதாதீர்கள், குற்றம் சாட்டாதீர்கள். உள்ளே இருப்பவர் நாள் முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறார். பணிவாக, தேதியோடு, சட்டப் பிரிவோடு எழுதினால் போதும்.

எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், அங்கே போங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். காசநோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1800-11-6666, கட்டணமில்லாத எண்.

சளி கொடுப்பதில் ஒரு சிறிய விஷயம்

இது அற்பமாகத் தெரியும், ஆனால் எத்தனையோ பேருக்கு முடிவு தவறாக வருவது இங்கேதான். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி தெரியாது. நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி வரவழைத்த சளி வேண்டும், காலையில் எழுந்ததும் எடுத்தால் நல்லது, வாயைத் தண்ணீரில் மட்டும் கொப்பளித்துவிட்டு, முடிந்தால் அறைக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று. இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு இழுத்துவிட்டு இருமச் சொல்லுங்கள். இதை அடுத்த முறை மனு பார்க்கும்போது அவருக்கு விளக்கிச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மைக்ராஸ்கோப்பில் பார்த்து "இல்லை" என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள், கிருமி குறைவாக இருந்தால் அதில் தெரியாது. சிபிநாட், ட்ரூநாட் இரண்டும் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைகள், சில மணி நேரத்தில் நோய் இருக்கிறதா என்று சொல்வதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டிவிடும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே, கோவாவில் உள்ள ஒரு நிறுவனம் உருவாக்கியது.

அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தும் அழைத்துப் போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வழிக்காவல் கிடைக்கவில்லை என்பதாக இருக்கும். ஆயுதப்படைப் போலீஸ் வந்தால்தான் கைதியை வெளியே கொண்டுபோக முடியும், பந்தோபஸ்து, திருவிழா, தலைவர் வருகை என்று அவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள். இதில் ஒரு வழி இருக்கிறது. எல்லோரும் ஆளைக் கொண்டுபோவதைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் சளி டப்பாவை மட்டும் அனுப்பினால் போதும், ஆள் போக வேண்டியதில்லை. மனுவில் "வழிக்காவல் தாமதமானால் சளி மாதிரியையாவது சேகரித்து அனுப்பவும்" என்று ஒரு வரி சேருங்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால் வாய்தா அன்றைக்கு நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நேரில் கொண்டுவந்தாலும் வீடியோவில் காட்டினாலும் அவரே "ஐயா, எனக்கு இத்தனை வாரமாக இருமல், இன்னும் சளி சோதிக்கவில்லை" என்று வாய்திறந்து சொல்லலாம், வக்கீல் பேசும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வக்கீலிடம் உங்கள் மனுவின் நகலையும் தபால் ரசீதையும் கொடுத்து, பரிசோதித்து அறிக்கை தாக்கல் செய்யும்படி சிறைக்கு உத்தரவிடக் கேட்கச் சொல்லுங்கள். நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டால் வழிக்காவல் கிடைத்துவிடுகிறது.

நோய் உறுதியானால்

பயப்பட வேண்டாம், கொஞ்சம் நிம்மதிகூடப் படலாம், ஏனென்றால் இனி என்ன செய்வது என்று தெளிவாகத் தெரியும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று, எல்லாம் ஒரே மாத்திரையில் கலந்து வரும், தினமும். எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது, அதனால் எடை பார்த்துத்தான் தொடங்கினார்களா என்று கேளுங்கள். நிக்ஷய் என்ற அரசுக் கணினிப் பதிவில் அவருக்கு ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை எழுதி வாங்கி உங்கள் போனிலும் வீட்டுச் சுவரிலும் குறித்து வையுங்கள். பிறகு எங்கே போனாலும் அந்த எண்தான் அவரை அடையாளம் காட்டும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, பார்வை மங்குவது அல்லது நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல் போவது, இவை வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கை கால் மரத்துப்போனால் வைட்டமின் மாத்திரை ஒன்று சேர்ப்பார்கள். முதல் மாதத்திலேயே இருமல் நின்று பசி எடுக்கத் தொடங்கும், அப்போதுதான் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடத் தோன்றும். இப்படி நிறுத்துவதாலும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகிறது. அந்த வகை வந்துவிட்டாலும் இப்போது பெடாகுயிலின் என்ற மருந்து சேர்ந்த ஆறு மாத மருந்துமுறை வந்துவிட்டது, முன்பு போல ஒன்றரை, இரண்டு வருடம் எல்லோருக்கும் ஆவதில்லை. ஆனால் அது கடினமான மருந்து, அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் என்று கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்தது, வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் வருவதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டதும் முதலில் பார்ப்பதே ஆள் மிகவும் மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாமல் இருக்கிறாரா என்பதைத்தான். இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் அவர். இதே மூன்று கேள்வியை நீங்களும் கேட்கலாம், "ஆமாம்" என்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

சிறை மருத்துவ அலுவலர் நினைத்தால் முட்டை, பால் என்று கூடுதல் உணவு எழுதிக் கொடுக்க முடியும், அது பதிவேட்டில் ஏற வேண்டும், அதைக் கேளுங்கள். வெளியிலிருந்து என்ன கொடுக்கலாம் என்பது சிறைக்குச் சிறை மாறுகிறது, வாசலில் விசாரித்துக்கொண்டு பழமோ, கேன்டீன் கணக்கில் கொஞ்சம் பணமோ போடுங்கள். ஊட்டச்சத்துக்கென்று அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது, 2024 நவம்பருக்கு முன் அது 500-ஆக இருந்தது. உள்ளே இருப்பவருக்குக் கணக்கு முடங்கியிருக்கும், ஆதார் இணைந்திருக்காது. குடும்பத்தில் ஒருவர் கணக்கைச் சேர்க்க முடியுமா என்று மாவட்டக் காசநோய் மையத்தில் கேளுங்கள். கேட்காமல் விட்டால் அந்தப் பணம் வராமலே போய்விடும்.

உங்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். அவர் கைதாகி அதிக நாள் ஆகவில்லை என்றால் வீட்டிலிருந்தபோதே நோய் இருந்திருக்கலாம். வீட்டில் குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் யார் இருந்தாலும் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், நோய் இல்லையென்றால் வராமல் தடுக்கவே மாத்திரை தருகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது மிக அவசியம். பெண்கள் சிறையில் ஆறு வயதுவரை குழந்தை தாயோடு இருக்கலாம். தாய்க்கோ அதே அறையில் இன்னொருவருக்கோ காசநோய் என்றால் அந்தக் குழந்தையைப் பற்றித் தனியாக ஒரு மனு எழுதுங்கள். அதே அறையில் படுத்தவர்கள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்துவிடுங்கள், அவர்களில் மனு பார்க்க யாருமே வராதவர்கள் இருப்பார்கள்.

ஜாமீன் கேட்கலாமா

கேட்கலாம், ஆனால் காசநோய் என்ற ஒரே காரணத்துக்காக உடனே கிடைத்துவிடும் என்று நினைத்து வக்கீலுக்குக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு, நோய்வாய்ப்பட்டவர் என்றால் கடுமையான வழக்கிலும் ஜாமீன் கொடுக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. நீதிபதி பார்ப்பது சிறையிலேயே சரியாகச் சிகிச்சை கிடைக்கிறதா இல்லையா என்பதைத்தான். அதனால் எடைக் குறிப்புகள், பரிசோதனைக்கு எத்தனை நாள் தாமதம் ஆனது, எத்தனை மனு கொடுத்தீர்கள், மருந்து விட்டுப்போன நாட்கள், இவைதான் அங்கே பேசும். முதல் முறை வழக்கில் சிக்கியவர், ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமில்லை, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டார் என்றால் அதே சட்டத்தின் 479ஆம் பிரிவையும் வக்கீலிடம் கேளுங்கள்.

வெளியே வரும் நாள்

ஜாமீன் உத்தரவு சாயங்காலம் சிறைக்குப் போகும், ராத்திரி கதவு திறக்கும், எல்லோரும் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போவார்கள், மாத்திரை உள்ளேயே இருக்கும். இரண்டு நாள் சொந்தக்காரர்கள், நான்கு நாள் கோயில், அப்புறம் கையெழுத்துப் போட வேறு ஊர், இப்படியே ஒரு மாதம் ஓடிவிடும். அதனால் ஜாமீன் மனு போட்ட அன்றே இதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். நிக்ஷய் எண், எந்தத் தேதியில் தொடங்கினார், இன்னும் எத்தனை மாதம், கடைசிச் சளி முடிவு, இவை எழுதிய சீட்டையும் கைவசம் சில நாள் மாத்திரையையும் வாங்கி வரும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிடைக்காமல் வந்துவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் காலை எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அந்த எண்ணைச் சொன்னால் அங்கிருந்தே மருந்தைத் தொடரலாம், பதிவை அங்கே மாற்றிக்கொள்வார்கள். ஜெயிலில் இருந்து வந்தேன் என்று யாரிடமும் விளக்க வேண்டியதில்லை, "வேறு மாவட்டத்தில் மருந்து சாப்பிட்டேன்" என்றால் போதும். ஜாமீன் நிபந்தனையாக வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் அந்த ஊருக்கே மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றினாலும் இதேதான். எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரிந்த அன்றே புதிய சிறைக் கண்காணிப்பாளருக்கு எண்ணோடு ஒரு கடிதம் அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்தவரைப் பின்கட்டில் தனித்தட்டு போட்டு உட்கார வைக்காதீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், வீட்டிலேயே தங்கி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் நெருக்கடியான இடத்தில், ஏழ்மையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், மருந்து தொடங்கியபின் வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பீடியும் குடியும் வேண்டாம் என்று சொல்லுங்கள், குடித்தால் இந்த மாத்திரைகளோடு சேர்ந்து கல்லீரல் கெடும்.

ஆறு மாதம் முடிந்ததும் சளி சோதித்து முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார்கள், அந்தத் தேதிகளை வாய்தா தேதிகள் எழுதும் அதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நடுவில் வழக்கு முடிந்து அவர் திரும்பவும் உள்ளே போக நேர்ந்தால், போகும் அன்றே நுழைவுப் பரிசோதனையில் பழைய நோயையும் நிக்ஷய் எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள்.